பதிவேட்டில் ‘லைசென்ஸ் மூலம்’ என்று இருந்தால் அங்கேயே நிற்காதீர்கள்

என் மாமியாரின் அப்பா வழி, பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு வீடே குல்குல்ஸ் வாசனையில் கிடக்கும், சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் ‘ஹல் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தா’ கதையை ஆரம்பிப்பார், ஆனால் அந்தத் தாத்தாவின் அப்பா யார், அம்மா யார் என்று கேட்டால் எல்லோரும் மேஜை விரிப்பைப் பார்ப்பார்கள். ஒரு மழைக்கால ஞாயிறு, வேறு வேலை இல்லாமல் நான்தான் தேட உட்கார்ந்தேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதில் ஒன்றரை வருஷம் வீணாய்ப் போனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, ஒரு கல்யாணப் பதிவில் இருந்த ‘லைசென்ஸ் மூலம்’ என்ற இரண்டே வார்த்தைகளை நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போன நான்தான்.

இங்கிலாந்து வேர் உள்ள குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுடைய குடும்பமாக இருக்கலாம், நண்பருக்காகத் தேடலாம், சும்மா ஆர்வமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு காகிதம் இருக்கிறது, அது கல்யாணப் பதிவேட்டைவிட நிறையப் பேசும். எப்படித் தேடுவது, கிடைத்தால் எவ்வளவு நம்புவது என்பதுதான் விஷயம்.

முதலில் லைசென்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ‘இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று. இங்கிலாந்துத் திருச்சபையிலும் அதே வழக்கம்தான், அங்கே அதற்கு ‘பேன்ஸ்’ என்று பெயர். மூன்று வாரம் காத்திருக்க முடியாதவர்களும், ஊரெல்லாம் தெரிய வேண்டாம் என்று நினைத்தவர்களும் ஆயரின் (பிஷப்பின்) அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி, ஓலை வாசிக்காமலே கல்யாணம் செய்துகொள்ள அனுமதி வாங்குவார்கள். அந்த அனுமதிதான் லைசென்ஸ். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது.

யாரெல்லாம் வாங்கினார்கள்? மணப்பெண் கர்ப்பமாக இருந்தால் வாங்கினார்கள், மாப்பிள்ளை அடுத்த வாரம் கப்பலேற வேண்டியிருந்தால் வாங்கினார்கள், இருவருக்கும் இருபது வயது வித்தியாசம் இருந்து ஊர் வாய்க்குப் பயந்து வாங்கினார்கள், மறுமணம் என்பதால் வாங்கினார்கள், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் வைக்கத் தடை இருந்ததால் வாங்கினார்கள். இவை எதுவுமே இல்லாமல், ஓலை வாசிப்பது சாதாரண ஜனங்களுக்கு, நாம் லைசென்ஸ் எடுக்கிற குடும்பம் என்ற பந்தாவுக்காகவும் வாங்கினார்கள். ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25இல் அமலுக்கு வந்த பிறகு, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், யூதர்கள் தவிர மற்ற எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலில்தான் கல்யாணம் செய்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. கத்தோலிக்கர்களும் பிற சபைக்காரர்களும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கோயிலில் மூன்று வாரம் பெயரை வாசிக்கவிட்டு நிற்பதற்கு, பணத்தைக் கட்டி லைசென்ஸ் வாங்குவது மேல் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆகவே ‘எங்கள் ஆட்கள் ஏழைகள், லைசென்ஸ் எல்லாம் எடுத்திருக்க மாட்டார்கள்’ என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்று காகிதங்கள்

ஒரு லைசென்ஸுக்குப் பின்னால் மூன்று காகிதங்கள் உண்டு. முதலாவது ‘அலிகேஷன்’. பெயரைப் பார்த்துக் குற்றச்சாட்டு என்று நினைக்க வேண்டாம், இது மாப்பிள்ளை (சில சமயம் பெண்) சத்தியம் செய்து கொடுக்கிற வாக்குமூலம். அச்சடித்த படிவத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள், எழுத்தர் பெயரை நிரப்புவார். பெரும்பாலும் இந்தத் தோரணையில் இருக்கும் (பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி): ‘இன்று நேரில் வந்த இன்னார், இந்தப் பங்கைச் சேர்ந்தவர், 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர், மணமாகாதவர், இன்ன பங்கைச் சேர்ந்த இன்ன விதவையை மணக்க விரும்புவதாகவும், இரத்த உறவோ, மண உறவோ, முன்பே செய்த நிச்சயமோ வேறு எந்தச் சட்டத் தடையோ இருப்பதாகத் தமக்குத் தெரியாது என்றும், தாம் இந்தப் பங்கில் கடந்த நான்கு வாரமாகக் குடியிருப்பதாகவும் சத்தியம் செய்தார்.’ கீழே மாப்பிள்ளையின் கையெழுத்து, அல்லது ஒரு பெருக்கல் குறி. அதற்கும் கீழே, ஆயருக்குப் பதிலாகச் சத்தியம் வாங்கிய குருவானவரின் கையெழுத்து. இவரை ‘சரோகேட்’ என்பார்கள். கல்யாணம் எந்தக் கோயிலில் என்பதும் எங்காவது எழுதியிருக்கும், சில நேரம் இரண்டு கோயில் பெயர் போட்டு ‘இதில் ஒன்றில்’ என்றிருக்கும்.

இரண்டாவது பிணைப் பத்திரம், அவர்கள் பேச்சில் ‘பாண்ட்’. மாப்பிள்ளையும் இன்னொருவரும் சேர்ந்து, சொன்னது பொய் என்று தெரியவந்தால் இவ்வளவு பவுண்டு கட்டுகிறோம் என்று எழுதிக்கொடுப்பது. ஜாமீன் கையெழுத்து மாதிரி. பெரும்பாலும் 100 அல்லது 200 பவுண்டு. இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பத்திரத்தின் படத்தைப் போட்டதும் ஒரு சித்தப்பா ‘பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே நம் தாத்தா 200 பவுண்டு ஆசாமி’ என்று குதித்துவிட்டார். அது யாரும் கையில் எடுத்துக் கொடுத்த பணம் இல்லை, படிவத்தில் வழக்கமாகப் போடுகிற அபராதத் தொகை, கூலி வேலை செய்தவனும் அதே எண்ணுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டான். இதைச் சொன்னபோது சித்தப்பா இரண்டு நாள் குழுவில் பேசவில்லை.

மூன்றாவதுதான் லைசென்ஸ். அதை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள், அவர் கொண்டுபோய்க் கோயில் குருவானவரிடம் நீட்டுவார், வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தை யாரும் பெரிதாகப் பாதுகாத்ததில்லை. எனவே அது கிடைப்பது அபூர்வம். ‘லைசென்ஸைக் கண்டுபிடித்தேன்’ என்று யாராவது சொன்னால், அவர் கண்டுபிடித்தது பெரும்பாலும் வாக்குமூலத்தையோ பிணைப் பத்திரத்தையோதான். தேடுபொறியில் ‘மேரேஜ் லைசென்ஸ்’ என்று மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று உட்கார வேண்டாம். ‘அலிகேஷன்ஸ்’, ‘பாண்ட்ஸ்’ என்ற சொற்களையும் போடுங்கள். 1823 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய திருமணச் சட்டத்தோடு பிணைப் பத்திரம் ஒழிந்தது, அதற்குப் பிறகு வாக்குமூலம் மட்டும்தான் இருக்கும்.

இதோடு ‘ஸ்பெஷல் லைசென்ஸ்’ என்று ஒன்று உண்டு, காண்டர்பரி பேராயர் மட்டுமே கொடுப்பது, எங்கே வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் கல்யாணம் செய்யலாம். நம் ஹல் தாத்தா போன்றவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது, விட்டுவிடுங்கள்.

ஷேக்ஸ்பியர் கல்யாணம்

இந்தக் காகிதங்களின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமென்றால், ஷேக்ஸ்பியரின் கல்யாணத்தைப் பாருங்கள். அவர் கல்யாணம் நடந்ததைச் சொல்லும் கோயில் பதிவு இன்றுவரை கிடைக்கவில்லை. நமக்குத் தெரிந்தது எல்லாம் லைசென்ஸ் காகிதங்களிலிருந்து வந்ததுதான்.

வூஸ்டர் ஆயரின் பதிவேட்டில் 1582 நவம்பர் 27ஆம் தேதியிட்ட ஒரு வரி, வில்லியம் ‘ஷாக்ஸ்பேர்’ என்பவருக்கும் டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வேட்லிக்கும் லைசென்ஸ் தரப்பட்டதாகச் சொல்கிறது. மறுநாள், நவம்பர் 28, பிணைப் பத்திரம். அதில் பெயர் ‘ஷாக்ஸ்பியர்’, நடுவில் ‘க்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’ எழுத்து, பெண் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. தொகை 40 பவுண்டு. ஓலை மூன்று முறைக்குப் பதில் ஒரே முறை வாசித்தால் போதும் என்று அனுமதி. மாப்பிள்ளைக்கு வயது 18. அடுத்த ஆண்டு மே 26இல் மகள் சுசானாவுக்கு ஞானஸ்நானம். நவம்பர் கடைசியிலிருந்து மே கடைசி வரை விரல் விட்டு எண்ணினால், ஓலைக்குக் காத்திருக்க ஏன் நேரமில்லை என்பது புரிந்துவிடும்.

சரி, ஆன் வேட்லி யார்? ஒரே ஆள் இரண்டு நாளில் இரண்டு பெண்களை மணக்கப் போனாரா? இதை வைத்துக் கதை கட்டியவர்கள் நிறைய. ஆனால் அதே நாளில் அதே எழுத்தர் வேட்லி என்ற பெயருள்ள ஒருவரின் வழக்கையும் எழுதியிருக்கிறார், கை பழக்கத்தில் அந்தப் பெயரையே இங்கேயும் எழுதிவிட்டார் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எழுத்தரின் ஒரு கவனக்குறைவு, பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய சர்ச்சை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர் என்று அலைகிற நமக்கு இது புதிதே அல்ல.

இன்னும் முக்கியமானது ஜாமீன்காரர்கள். ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்று ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு விவசாயிகள். பிணைப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் வெறும் பெயர்கள். ஆனால் முந்தின வருஷம் இறந்த ரிச்சர்ட் ஹாத்வேயின் உயிலை எடுத்தால், அதை நிறைவேற்றுவதை மேற்பார்க்க அவர் நம்பி நியமித்தவர்களில் ஒருவர் இதே சாண்டெல்ஸ். ரிச்சர்ட்சன் அதே உயிலுக்குச் சாட்சி. பெண்ணின் அப்பா இல்லாத இடத்தில் அப்பாவின் சிநேகிதர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். அந்த உயிலில் மகளின் பெயர் ‘ஆக்னஸ்’ என்று இருக்கிறது, அந்தக் காலத்தில் ஆன், ஆக்னஸ் இரண்டையும் ஒன்றாகவே புழங்கினார்கள். ஜாமீன்காரர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் குடும்பத்துக்குள் நுழையலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கே தேடுவது

சென்னைப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தொடக்கப் புள்ளி பெரும்பாலும் சென்னையேதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து இங்கே நடந்த கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன, வங்காளம் என்/1, மெட்ராஸ் என்/2, பம்பாய் என்/3 என்ற வரிசை எண்களில். மெட்ராஸ் வரிசை 1698இல் தொடங்குகிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படங்களாகவே பார்க்கலாம், கட்டணம் உண்டு. ஃபிபிஸ் என்கிற இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிவுகளில் மாப்பிள்ளை, பெண் இருவரின் தகப்பன் பெயரும் இருக்கும். எங்கள் தாத்தாவின் அப்பா பெயர் அப்படித்தான் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹல் நகரத்தில் அவரைப் பிடித்து, அதிலிருந்து பிறந்த ஊர், ஞானஸ்நானப் பதிவு, அவருடைய பெற்றோர் பெயர், கடைசியில் பெற்றோரின் 1809 கல்யாணம் என்று போனேன். அந்தக் கல்யாணப் பதிவில்தான் ‘லைசென்ஸ் மூலம்’.

இங்கிலாந்துப் பக்கம் வந்துவிட்டால், லைசென்ஸை யார் கொடுத்திருப்பார் என்று முதலில் யோசிக்க வேண்டும். இருவரும் ஒரே மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி) என்றால் அந்த ஆயரின் அலுவலகம், அல்லது அவருக்குக் கீழே இருக்கும் ஆர்ச்டீக்கனின் அலுவலகம். அங்கே திருச்சபை காண்டர்பரி, யார்க் என்று இரண்டு பேராயர் மாகாணங்களாகப் பிரிந்திருக்கிறது; இருவரும் காண்டர்பரி மாகாணத்துக்குள்ளேயே வெவ்வேறு மறைமாவட்டம் என்றால் காண்டர்பரி பேராயரின் ‘விகார் ஜெனரல்’ அலுவலகம். ஒருவர் காண்டர்பரி மாகாணம், மற்றவர் யார்க் மாகாணம் என்றால் அதே காண்டர்பரி பேராயரின் ‘ஃபேக்கல்டி ஆபீஸ்’. கடைசி இரண்டின் ஆவணங்களும் லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்கின்றன, ஃபேக்கல்டி ஆபீஸ் 1632இலிருந்து (நடுவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் இடைவெளி), விகார் ஜெனரல் 1660இலிருந்து. விதி இப்படி இருந்தாலும், உள்ளூர் ஆயரிடமே வாங்கியிருக்கக்கூடியவர்கள் பெருமைக்காக மேலிடத்தில் போய் வாங்கியதும் உண்டு, லண்டனில் இருந்தவர்களுக்கு அது பக்கத்துத் தெரு வேலை. ஆகவே உள்ளூரில் கிடைக்கவில்லை என்றால் மேலே பாருங்கள். ஆயரின் கைக்கு அடங்காமல் தனி அதிகாரத்தோடு இருந்த சில பங்குகளும் உண்டு, ‘பெக்யூலியர்’ என்பார்கள், அவை தாங்களே லைசென்ஸ் கொடுத்துக்கொண்டன. பங்கு பக்கத்திலேயே இருந்தும் ஆவணம் வேறு கட்டுக்குள் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

யார்க் மறைமாவட்டத்துக்கு யார்க் பல்கலைக்கழகத்தின் பார்த்விக் நிறுவனம். லண்டன் ஆயரின் ஆவணங்களுக்கு லண்டன் ஆர்கைவ்ஸ், முன்பு லண்டன் மெட்ரோபாலிடன் ஆர்கைவ்ஸ் என்றிருந்ததுதான். மற்ற இடங்களுக்கு அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகம். வேல்ஸ் என்றால் வேலை எளிது, அபெரிஸ்ட்வித் ஊரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் தன்னிடமுள்ள பிணைப் பத்திரங்களுக்கு இலவச அட்டவணை வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் இந்த ஆயர் லைசென்ஸ் முறையே இல்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அயர்லாந்துதான் வயிற்றெரிச்சல். மெட்ராஸ் பட்டாளத்தில் ஐரிஷ்காரர்கள் ஏராளம், எனவே இங்கே பலரின் தேடல் டப்ளினில் போய் முட்டும். 1922 ஜூன் கடைசியில், அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கிய நாட்களில், பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது, லைசென்ஸ் பிணைப் பத்திரங்களின் மூலங்கள் அதோடு போயின. அட்டவணைகள் தப்பின. அதில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஆண்டு இவ்வளவுதான். அங்கே அதுவே பெரிய வரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் அந்தச் சாக்கு கிடையாது. அட்டவணையில் பெயர் கிடைத்தது என்று திருப்திப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், மூலத்தின் படத்தை வாங்குங்கள். தொழில், ஜாமீன்காரர் பெயர், யார் சம்மதம் கொடுத்தார், எப்படிக் கையெழுத்துப் போட்டார், இவையெல்லாம் அட்டவணை தயாரித்தவர் விட்டுவிட்டவையாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அவைதான். இணையத்தில் படம் இல்லை என்றால் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதினால் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் எடுத்து அனுப்புவார்கள். எனக்கு முதல் முறை பிணைப் பத்திரம் மட்டும் வந்தது, வாக்குமூலம் வரவில்லை, ‘இரண்டும் வேண்டும்’ என்று நான் கேட்கவில்லை என்றார்கள். அது உண்மைதான். கேட்கும்போதே இரண்டையும் கேளுங்கள்.

ஒன்றரை வருஷம் போன கதை

1809 பதிவேட்டில் மணப்பெண் பெயருக்குப் பக்கத்தில் ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’ என்று மட்டும் இருந்தது. அந்தக் குடும்பப் பெயரில் அந்தப் பெண்ணின் ஞானஸ்நானத்தைத் தேடினேன். அந்தப் பங்கு, சுற்றியுள்ள பங்குகள், ஆற்றுக்கு அக்கரையில் லிங்கன்ஷயர் வரை. அந்தப் பெயரில் ஒரு பெண் குழந்தை இருந்தது, ஆனால் மூன்று வயதில் இறந்துபோயிருந்தது. இன்னொன்று கிடைத்தது, வயது பொருந்தவில்லை, கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை.

வாக்குமூலம் வந்த அன்று முதல் வரியிலேயே விஷயம் முடிந்தது. மாப்பிள்ளை ‘மாலுமி, மணமாகாதவர்’. பெண் ‘விதவை’. நான் ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அவளுடைய முதல் புருஷனின் குடும்பப் பெயர்!

அப்புறம் பிணைப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையோடு கையெழுத்துப் போட்டவர் கயிறு திரிக்கிற தொழிலாளி, குடும்பப் பெயர் எங்கள் மரத்தில் எங்கேயும் இல்லாத ஒன்று. ஷேக்ஸ்பியர் கதை ஞாபகம் வந்தது. அந்தக் குடும்பப் பெயரில், இந்தப் பெண்ணின் முதல் பெயரோடு ஞானஸ்நானம் தேடினேன். ஹல் பக்கத்திலேயே ஒரு பங்கில் கிடைத்தது, அதே பெற்றோருக்கு நான்கு வருஷம் முன்னால் கயிற்றுக்காரரும் பிறந்திருந்தார். பிறகு அவளுடைய முதல் கல்யாணத்தைத் தேடினால், கயிற்றுக்காரரின் குடும்பப் பெயரிலிருந்து முதல் புருஷனின் பெயருக்கு மாறியது அழகாகப் பதிவாகி இருந்தது, அதுவும் ஓலை வாசித்து. ஜாமீன் போட்டது அண்ணன். தங்கையின் இரண்டாவது கல்யாணத்துக்கு ஆயரின் குருவானவர் முன்னால் போய் நின்று, தன் பெயரைக் கோணலாக எழுதியிருக்கிறார்.

எல்லா ஜாமீன்காரரும் அண்ணன் தம்பியாக இருக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழியில் கிடைத்த கோயில்குட்டி (கோயில் வேலைக்காரர்), விடுதிக்காரர், அலுவலகத்து எழுத்தரே கூட இருக்கலாம். ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்று பெயர் இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள், அது அவர்கள் ஊர்க் குப்பன் சுப்பன், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை, படிவத்தை நிரப்புவதற்காகப் போட்ட பெயர். ஒரே ஜாமீன்காரர் பெயர் அந்த வருஷத்தில் பத்துப் பதினைந்து பத்திரத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அவர் உறவுக்காரர் இல்லை, வாசலில் நிற்கும் ஆள்.

படிக்கும்போது

வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்றால் யார் சம்மதமும் தேவையில்லாத வயது ஆகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், ஆள் 21 ஆகவும் இருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம். குடும்ப மரத் தளங்களில் 1788இல் பிறந்தார் என்று அடித்துச் சொல்லியிருப்பதில் பாதி, 1809 லைசென்ஸில் இருக்கும் 21ஐக் கழித்ததால் வந்தது.

21க்குக் கீழே என்றால் கொண்டாடுங்கள். 1754க்குப் பிறகு லைசென்ஸில் மணக்கிற சிறு வயதினருக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும், அப்பா இல்லையென்றால் காப்பாளர், அவரும் இல்லையென்றால் மறுமணம் செய்யாத அம்மா. யார் சம்மதம் என்று எழுதியிருப்பார்கள். அம்மா சம்மதம் கொடுத்திருந்தால் அப்பா அதற்குள் இறந்துவிட்டார் என்று ஒரு தகவல் இலவசமாகக் கிடைக்கிறது, அடக்கப் பதிவைத் தேட வேண்டிய காலம் சுருங்குகிறது. அந்தச் சம்மதம் இல்லாமல் நடந்த லைசென்ஸ் கல்யாணம் 1822 வரை செல்லாது என்பதால், வயதைக் கூட்டிச் சொல்லத் துணிந்தவர்களும் இருந்தார்கள்.

‘நான்கு வாரமாகக் குடியிருக்கிறேன்’ என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1754க்குப் பிறகு நான்கு வாரம், 1823 சட்டத்தில் 15 நாள், இந்த விதியைச் சமாளிக்க ஒரு அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தப் பங்கில் பிறந்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய பத்திரங்களின் மேல் பாதி லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், அது எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கும் கடன்பட்ட வாசகம், நமக்கு வேண்டிய விவரம் கீழ் பாதியில் ஆங்கிலத்தில் இருக்கும். லத்தீனில் குலியெல்மஸ் என்றால் வில்லியம், யாகோபஸ் என்றால் ஜேம்ஸ், இந்த அளவு போதும். 1733 மார்ச்சிலிருந்து லத்தீனே இல்லை. கையெழுத்துதான் தொல்லை. சொல்லுக்கு நடுவில் வரும் நீட்டிய ‘எஸ்’ பார்ப்பதற்கு ‘எஃப்’ மாதிரி இருக்கும். எழுத்தரின் கை பிடிபடாவிட்டால், அதே எழுத்தர் எழுதிய நான்கைந்து பத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த படிவ வாசகத்திலிருந்து அவருடைய எழுத்துகளை அடையாளம் கண்டு, பிறகு பெயருக்கு வாருங்கள்.

1752க்கு முன் இங்கிலாந்தில் புதுவருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. இது தெரியாமல் ஒருவர் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டதாக ஒரு பாவப்பட்ட தம்பதியின் மானத்தை வாங்கியிருந்ததை ஒரு குடும்ப மரத்தில் பார்த்தேன். இரண்டு ஆண்டும் போட்டு 1720/21 என்று குறித்து வைத்தால் பின்னால் நீங்களே குழம்பமாட்டீர்கள்.

கையெழுத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு மாலுமிகள் இருப்பது சாதாரணம். 1754க்குப் பிறகு கோயில் பதிவேட்டிலும் மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், எனவே பிணைப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தையும் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் மாலுமி தன் பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு சுழி போட்டு, அந்தச் சுழிக்குள் ஒரு புள்ளி வைப்பார். இரண்டு இடத்திலும் அந்தப் புள்ளி இருந்தது. வேறு எந்தச் சான்றும் எனக்கு அவ்வளவு தைரியம் தரவில்லை.

லைசென்ஸ் வாங்கியதால் மட்டும் கல்யாணம் நடந்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சண்டை வந்து நின்றுபோனவை உண்டு, ஒருவர் இறந்துபோனதால் நடக்காதவை உண்டு. 1823க்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் லைசென்ஸ் காலாவதி. பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ போய்க் கல்யாணம் செய்துவிடுவார்கள், ஆனால் லைசென்ஸ் தேதியைக் கல்யாணத் தேதி என்று மரத்தில் எழுதாதீர்கள். பத்திரத்தில் சொன்ன கோயிலில் பதிவு இல்லையென்றால் பக்கத்துக் கோயில்களையும், பெண்ணின் சொந்தப் பங்கையும் பாருங்கள், எங்குமே கிடைக்காவிட்டால் ‘லைசென்ஸ் வாங்கிய தேதி இது, கல்யாணப் பதிவு கிடைக்கவில்லை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். ஷேக்ஸ்பியருக்கே அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1837 ஜூலை 1இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசே கல்யாணங்களைப் பதிய ஆரம்பித்தது. அதற்குப் பிந்திய சான்றிதழ்களில் இரு பக்கத்துத் தகப்பன் பெயரும் தொழிலும் வந்துவிடுவதால் லைசென்ஸைத் தேடி அலைய வேண்டிய அவசியம் குறைவு. உழைப்பை 1837க்கு முந்தைய கல்யாணங்களில் போடுங்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தில், இந்த வருஷ கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் கயிற்றுக்கார அண்ணன் கதையைச் சொன்னேன். மாமியார் கேட்ட ஒரே கேள்வி, அந்த முதல் புருஷன் எப்படிச் செத்தான் என்பது. அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், 1809க்கு முந்தைய அடக்கப் பதிவேடுகளில், ஹல் பக்கத்துப் பங்குகளிலிருந்து ஆரம்பித்து.